வலிக்காத புண்

எனக்கு அந்தப் புண் இடது முழங்காலுக்குப் பின்னால், மடிப்புக்குள் இருந்தது. மிளகளவுதான். நடுவில் கருப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம். வலி இல்லை, அரிப்பு இல்லை, சீழ் இல்லை. காய்ச்சல் வந்து எட்டாம் நாள் ஒரு நர்ஸ் பார்த்துச் சொல்லும்வரை அப்படி ஒன்று என் உடம்பில் இருப்பதே எனக்குத் தெரியாது.

நான் குணமாகி நான்கு மாதம் ஆகிறது. நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் பேருந்துகளுக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். இப்போதெல்லாம் டிரைவர் யாராவது காய்ச்சல் என்று லீவு கேட்டால், எத்தனை நாளாகக் காய்ச்சல், ஏரிக்கரை, புதர்ப்பக்கம் போனாயா, உடம்பில் எங்காவது கருப்பாகப் பொருக்கு இருக்கிறதா, கண்ணாடி வைத்துப் பார்த்தாயா என்று கேட்கிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

அந்த மே மாதம் என் அக்கா சுமதி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். என்னைவிட ஏழு வயது மூத்தவள். கெங்கவல்லிக்குக் கட்டிக்கொடுத்து இருபத்தைந்து வருடம். இத்தனை வருடத்தில் அவள் எங்கள் வீட்டில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் தங்கியதில்லை. மரவள்ளி, மக்காச்சோளம், மாடு, மாமியார் என்று ஏதாவது ஒன்று அவளைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். மாமியார் போய்ச் சேர்ந்து, மகளும் கல்யாணமாகி ஓசூர் போன பிறகுதான் அவளுக்குக் கை ஒழிந்தது. மச்சானே கொண்டுவந்து விட்டுவிட்டு, "ஒரு மாசம் இருந்துட்டு வரட்டும் மாப்ள. என் சமையலை நானே பாத்துக்குறேன்" என்று சொல்லிப் போனார்.

மே மாதத்தில் பேருந்துகள் நிற்கும். காலையில் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டிகளைத் தயார் செய்கிற வேலை இருக்கும். மாலை நான்கு மணிக்கு மேல் நான் சும்மாதான். அக்கா வந்த இரண்டாம் நாள் மாலை, "தம்பி, சும்மா ஒரு சுத்து போயிட்டு வரலாமா?" என்று கேட்டாள். அப்படித்தான் தொடங்கியது. பெரிய பயணம் எதுவும் இல்லை. நான், அக்கா, என் மனைவி கீதா, பத்து வயது மகள் யாழினி, நான்கு பேரும் காரில் ஏறுவோம். அக்காவுக்கு முன் சீட். மோகனூர் ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான் ஓடியது, அதில் கால் நனைத்துவிட்டு வருவோம். கோட்டைப் பாறையின் நிழல் விழும் பூங்காவில் யாழினி ஊஞ்சல் ஆட, அக்கா மாங்காய்க் கீற்று தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் சேலம் போய்ச் சேலை எடுத்தோம். ஒரு நாள் ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவிலும் அவள் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். மேலே இறங்கியதும் வாந்தி எடுத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது, அடுத்த வருசமும் வரலாம்" என்றாள்.

அந்த ஒரு மாதம் அவள் சிரித்த அளவு முன்பு எப்போது சிரித்தாள் என்று எனக்கு நினைவில்லை. இதை எழுதும்போது கை நிற்கிறது. எந்தப் பயணத்தில் அந்த நோய் ஏறியது என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. டாக்டர் நாட்களை எண்ணிப் பார்த்துவிட்டு, ஏரிக்கரையாக இருக்கலாம் என்றார்.

கொல்லிமலை அடிவாரத்தில் ஓர் ஏரி. அதில் தண்ணீர் இல்லை. சித்திரைக் கடைசியில் பெய்த இரண்டு மழைக்குக் கரையில் மட்டும் புல் முழங்கால் உயரம் எழும்பி நின்றது. ஊரெல்லாம் காய்ந்து கிடக்க, அந்த ஓர் இடம் பச்சையாக இருந்தது. மலையிலிருந்து காற்று இறங்கும். நான்கு மாலை அங்கே போனோம். முதல் நாளே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், "பாத்து உக்காருங்க. எலி ஏகமாப் பெருத்துக் கெடக்குதுங்க இங்க. எலி இருந்தாப் பாம்பு வரும்" என்றார். நான் ஒரு குச்சியை ஒடித்துப் புல்லை அடித்துப் பார்த்தேன். பாம்பு இல்லை. யாழினி எறும்புக்குப் பயந்து ஜமுக்காளத்தை விட்டு இறங்கவில்லை. கீதா அவளுக்குத் துணையாக அதிலேயே உட்கார்ந்துகொண்டாள். நானும் அக்காவும் சின்ன வயதில் செய்தமாதிரி புல்லிலேயே உட்கார்ந்தோம், அப்புறம் படுத்தோம். இருட்டும் வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம்.

கடைசியாகப் போன மாலைக்கு ஒன்பதாம் நாள் எனக்குக் குளிர் எடுத்தது.

முதலில் தலைவலி. கண்ணுக்குப் பின்னால் ஆணி அறைகிற வலி. பிறகு நடுக்கம், அதற்குப் பின் சூடு. வெளியே நூறு டிகிரிக்கு மேல் வெயில் அடிக்க நான் கம்பளி கேட்டேன். பக்கத்துக் கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று நாள் ஆகியும் இறங்கவில்லை. டெங்கு பரிசோதனை செய்தார்கள், இல்லை. டைபாய்டு, சந்தேகம் என்றார்கள். நாமக்கல்லிலேயே ஒரு மருத்துவமனையில் சேர்த்து டிரிப் ஏற்றினார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் கோழிப்பண்ணைகள் அதிகம் என்பதால் பார்க்கிற எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, கோழிப்பண்ணையில் வேலையா என்பது. இல்லை என்றதும் அடுத்த கேள்வி வராமல் போனது.

அக்காதான் என் பக்கத்தில் இருந்தாள். துணியை நனைத்து நெற்றியில் போடுவாள். ரசம் சாதத்தைக் கரைத்துக் கரண்டியால் ஊட்டுவாள். அவள் கை என் கன்னத்தில் படும்போது சூடாக இருந்தது. என் காய்ச்சல்தான் அவள் கையில் ஏறுகிறது என்று நினைத்தேன். ஒரு முறை கீதாகூட அவளிடம், "நங்கையா, உங்க மொகம் ஏன் இப்படி வாடிக் கெடக்குது?" என்று கேட்டாள். "தூக்கமில்ல சாமி, வேறென்ன" என்றாள் அக்கா. என் மாத்திரை அட்டையிலிருந்து அவளும் இரண்டிரண்டாகப் போட்டுக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அட்டை சீக்கிரம் தீர்ந்துபோவதைக் கீதா கவனித்திருக்கிறாள். எனக்குத்தான் அத்தனை கொடுக்கிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

ஆறாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியது. கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போய் வருவதற்குள் மலையேறி வந்தவன்போல் ஆகிவிட்டேன். சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். யாழினியை ராசிபுரத்தில் கீதாவின் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். ஆம்புலன்சில் அக்காவும் வந்தாள். வழியெல்லாம் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அங்கே நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவு. விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அது காட்டும். அந்த எண் இறங்கினால் மணி அடிக்கும். என் படுக்கையில் அது அடிக்கடி அடித்தது. பிளேட்லெட் குறைந்துவிட்டது, அதாவது ரத்தம் உறைவதற்கு வேண்டிய அணுக்கள் குறைந்துவிட்டன. கல்லீரல் வீங்கியிருக்கிறது. நுரையீரலில் நீர். கிரியேட்டினின் ஏறுகிறது. அது சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு, தள்ள முடியாமல் ரத்தத்திலேயே தங்குகிறது என்று ஒரு பயிற்சி டாக்டர் கீதாவுக்கு விளக்கினாராம். ஒவ்வொன்றாக எல்லாம் படுத்துக்கொண்டிருந்தது. காரணம் மட்டும் தெரியவில்லை. காரணம் தேடி இன்னும் சில ரத்தப் பரிசோதனைகளுக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வரவில்லை.

அந்தப் பிரிவில் பகலும் இல்லை இரவும் இல்லை, எப்போதும் ஒரே வெள்ளை வெளிச்சம்தான். பக்கத்துப் படுக்கையில் இருந்தவரைத் திரை போட்டு மறைத்தார்கள். பிறகு திரையை விலக்கினார்கள். படுக்கை காலியாக, புது விரிப்போடு இருந்தது. அன்றிலிருந்து நான் கண்ணை மூடவே பயந்தேன்.

வெளியே பார்வையாளர் கூடத்தில் நாற்காலிகள் வரிசையாக இருக்குமாம். கீதா கீழே மருந்துக்கும் ரத்தம் கொடுக்க ஆள் பிடிப்பதற்கும் அலைய, அக்கா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நாளுக்கு இரண்டு முறை ஒருவரை உள்ளே விடுவார்கள். ஏழாம் நாள் காலை அக்காதான் வந்தாள். முகக்கவசத்துக்கு மேலே அவள் கண் மட்டும் தெரிந்தது. சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள் என்று நினைத்தேன்.

"தம்பி, நான் ஊட்டுக்குப் போயிட்டு ரெண்டு நாள்ல வாரேன். மாடு ஈன நிக்குது. மச்சான் தனியாக் கெடந்து அல்லாடுறாரு."

ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து என்னால் பேச முடியவில்லை. தலையை ஆட்டினேன்.

"பயப்படாத சாமி. எல்லாம் சரியாப் போயிரும்" என்று சொல்லி என் உள்ளங்காலை ஒரு முறை அழுத்திவிட்டுப் போனாள்.

அதுதான் நான் அவள் குரலைக் கடைசியாகக் கேட்டது. ஒரே வீட்டில் இரண்டு நோயாளி என்றால் கீதா என்ன செய்வாள் என்று அவள் கிளம்பியிருக்க வேண்டும். புதுப் பேருந்து நிலையத்தில் தனியாகப் பஸ் ஏறி, ஆத்தூரில் மாறி, கெங்கவல்லி போய்ச் சேர்ந்தபோது அவள் காய்ச்சலுக்கு ஐந்தாவது நாள்.

எட்டாம் நாள் மாலை விரிப்பு மாற்ற வந்த நர்ஸ் என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். சின்னப் பெண். கால் மடிப்பைத் துடைத்தவர் நின்றுவிட்டார்.

"அண்ணா, இங்க சிகரெட்ல சுட்டுக்கிட்டீங்களா?"

நான் இல்லை என்று கையசைத்தேன். அவர் இன்னொரு முறை குனிந்து பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றாமலேயே ஓடினார். ஐந்து நிமிடத்தில் டாக்டர் வந்தார். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. டார்ச் அடித்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஏதோ தளர்ந்தது.

"காச்சல் வர்றதுக்கு முன்னால ரெண்டு வாரத்துக்குள்ள காட்டுப்பக்கம், புதர், புல்லு, எங்கயாவது உக்காந்தீங்களா?"

ஏரிக்கரை என்று சொன்னேன். மூன்று முறை சொன்ன பிறகு புரிந்துகொண்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இதன் பெயர் ஸ்க்ரப் டைபஸ். டைபாய்டு வேறு, இது வேறு. புதரிலும் உயர்ந்த புல்லிலும் உண்ணி இனத்தில் ஒரு பூச்சி இருக்கிறது. எலிகள் மேல் வாழும். அதன் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அது கடித்தால் கிருமி உடம்பில் இறங்கும். கடிக்கும்போது வலிக்காது. ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரும். கடித்த இடத்தில் சிலருக்கு இப்படிக் கருப்புப் பொருக்கு உண்டாகும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் என்று மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். புண் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், வலித்தால்தானே தெரியும் என்றார். இதற்கு மருந்து புதிதோ அரிதோ அல்ல. எந்த மருந்துக் கடையிலும் இருக்கிற பழைய மாத்திரைதான். சீக்கிரம் கொடுத்துவிட்டால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். தாமதித்தால் கிருமி ரத்தக் குழாய் எங்கும் பரவி நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும்.

பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் உடனே மருந்தைத் தொடங்கினார்கள். கீதாவிடம் டாக்டர் கேட்ட அடுத்த கேள்வி, "இவர்கூட வேற யாரெல்லாம் அங்க இருந்தாங்க?"

கீதா அங்கேயே நின்று அக்காவுக்குப் போன் போட்டாள். அந்தப் பேச்சை அவள் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒரு சொல் மாறாது.

"நங்கையா, உங்களுக்குக் காச்சல் இருக்குதுங்களா?"

"லேசாத்தான் சாமி. அலைச்சல். தம்பி எப்படி இருக்கான்?"

"அவருக்கு என்னன்னு கண்டுபுடிச்சிட்டாங்க. பூச்சிக் கடியாம். உங்க உடம்புல எங்கயாச்சும் கருப்பாப் பொருக்கு மாதிரி இருக்குதுங்களா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு."

"இருந்தாலும் இன்னைக்கே ஆத்தூர் போயி டாக்டரைப் பாத்துருங்க நங்கையா. இந்த நோய்ப் பேரைச் சொல்லுங்க."

"காலையில போறேன். பொழுது எறங்கிருச்சு. நீ அவனப் பாரு."

அந்த இடைவெளியில் அவள் என்ன நினைத்தாள் என்று கீதா இன்றும் கேட்கிறாள். எனக்குத் தெரியாது. புண் இருந்தது. வலது இடுப்பில், பாவாடை நாடா இறுகும் இடத்தில். அங்கே பெண்களுக்கு எப்போதும் ஒரு தழும்பு கறுத்திருக்கும், அதுதான் என்று அவள் நினைத்திருக்கலாம். நினைக்காமலும் இருந்திருக்கலாம். இடுப்பை அவிழ்த்து ஒரு டாக்டரிடம் காட்டக் கூசியிருக்கலாம். என் செய்தியைக் கேட்ட நிம்மதியில் தன் செய்தியை நாளைக்குத் தள்ளியிருக்கலாம்.

விடிந்தபோது அவள் பேச்சு குழறியது. மச்சானை எங்கள் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஆத்தூரில் பார்த்தவர்கள் உடனே சேலம் என்றார்கள். மச்சான் அவளை அன்று மதியம் நான் இருந்த அதே மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். என்னைக் காப்பாற்றிய அந்த டாக்டரே அவளையும் பார்த்தார். வாசலிலேயே மருந்து ஏற்றினார்கள். மாலைக்குள் வென்டிலேட்டர் வைத்தார்கள், அவளுக்காக ஓர் இயந்திரம் மூச்சுவிட்டது. நான்காம் மாடி. நான் மூன்றாம் மாடி.

எனக்கு யாரும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் என் காய்ச்சல் இறங்கியது. வியர்த்துக் கொட்டியது. என்னை அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இருந்தது, வெயில் தெரிந்தது. மச்சான் வந்தார். கையில் சாத்துக்குடிச் சாறு. கட்டிலுக்கருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெரிய ஆகிருதி அவருக்கு. அன்று ஸ்டூலில் பாதிதான் நிரம்பியமாதிரி இருந்தது.

"அக்கா வரலீங்களா மச்சான்?"

"ஊட்ல இருக்கா. மாடு ஈன நிக்குதில்ல."

"இன்னும் ஈனலீங்களா?"

"இன்னும் இல்ல."

சாற்றை டம்ளரில் ஊற்றினார். பாதி வெளியே சிந்தியது. துடைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் வந்தார். அதே சட்டை. அதற்கு மறுநாளும் அதே சட்டை, தாடி மட்டும் கூடியிருந்தது. "எனக்குச் சரியாப் போச்சுங்க மச்சான். நீங்க எதுக்கு அலையறீங்க? ஊருக்குக் கெளம்புங்க" என்றேன்.

"போறேன் மாப்ள. இங்க வேலை ஒண்ணு இருக்குது. முடிஞ்சதும் போயிருவேன்."

எல்லோரும் எதையோ மறைக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. நர்சுகள் என் அறை வாசலில் குரலைத் தாழ்த்தினார்கள். கீதா சாப்பாடு வாங்கக் கீழே போகிறேன் என்பாள். லிஃப்ட் மேலே போகிற சத்தம் கேட்கும். முகத்தைக் கழுவிக்கொண்டு வருவாள். நான் அக்காவின் எண்ணுக்குப் போன் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. "சார்ஜ் போட மறந்திருப்பாங்க" என்றாள் கீதா. இத்தனையும் பார்த்து நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? என் சிறுநீரகம் போய்விட்டது, என்னிடம் சொல்லத் தயங்குகிறார்கள் என்று. இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு நான் எனக்காகப் பயந்துகொண்டிருந்தேன். யாழினியை யார் படிக்க வைப்பார்கள் என்று யோசித்தேன். அக்கா இருக்கிறாள், அவள் விடமாட்டாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் பிற்பகல் டாக்டர் வந்து, எல்லாம் இறங்கிவிட்டது, சிறுநீரகம் சரியாகிவிட்டது, நாளை வீட்டுக்குப் போகலாம் என்றார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தும் பொருட்படுத்தவில்லை. எனக்குப் பசித்தது. பன்னிரண்டு நாளில் முதல் முறையாகப் பசித்தது. கீதாவிடம் தயிர்சாதமும் ஊறுகாயும் கேட்டு வாங்கி, முழுவதும் வழித்துச் சாப்பிட்டேன். அவள் என் எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். துண்டால் துடைத்துவிட்டாள்.

"ஏனுங்க," என்றாள். பிறகு வேறு மாதிரித் தொடங்க முயன்றாள். கடைசியில், "நங்கையா போயிட்டாங்க" என்றாள்.

ஊருக்கா என்று கேட்டேன். அவள் கையை மேலே காட்டினாள்.

அக்கா போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. என்னைச் சாப்பிட வைத்த பிறகு சொல்லும்படி மச்சான்தான் சொன்னாராம்.

சக்கர நாற்காலியில் வைத்து நான்காம் மாடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். குழாய்களையெல்லாம் எடுத்திருந்தார்கள். முகம் உப்பியிருந்தது. எந்தப் பொருக்கும் தெரியாதபடி கழுத்துவரை போர்த்தியிருந்தார்கள். நான் போர்வையின் நுனியை விலக்கி அவள் பாதத்தைப் பிடித்தேன். மச்சான் சுவரோரம் நின்றுகொண்டு, "தம்பிக்கு நல்லாயிருச்சுன்னு அவ காதுல சொன்னேன் மாப்ள. நேத்தே சொன்னேன்" என்றார். அது அவளுக்குக் கேட்டிருக்குமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போட வேண்டும். அதற்கு நான் ஒருவன்தான். டாக்டர் யோசித்துவிட்டு, காரில் படுத்தபடியே போங்கள் என்று அனுமதித்தார். ஆத்தூரில் ஒரு கடை முன்னால் வண்டி நின்றது. கீதா இறங்கிப் போய் நான்கு சேலைகளை எடுத்துவந்து கார்க் கண்ணாடியோரம் விரித்துக் காட்டினாள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டிய கையால் நான் ஒன்றைத் தொட்டேன். கத்திரிப்பூ நிறம். கெங்கவல்லியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதைப் போர்த்தினேன். ஓசூரிலிருந்து வந்திருந்த அக்கா மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

நான்தான் கூட்டிப்போனேன் என்று மச்சானிடம் சொல்ல வேண்டும் என்று அன்று முழுவதும் வாயெடுத்தேன். அவர் ஒவ்வொரு முறையும் எழுந்து யாருக்காவது தண்ணீர் கொடுக்கப் போய்விட்டார்.

அதன் பிறகு இரண்டு மாதம் எங்களுக்குள் அதிகம் பேச்சில்லை. போன் செய்தால் மழை பற்றிச் சொல்வார். மாடு கிடாரிக் கன்று போட்டது என்றார். நான் வேலைக்குத் திரும்பினேன். நெடுநேரம் நிற்க முடியவில்லை, தலைமுடி கொட்டியது. யாழினியை எங்கும் வெளியே அழைத்துப் போவதில்லை. அவளும் கேட்பதில்லை.

ஆடியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு மச்சானிடமிருந்து போன்.

"மாப்ள, நேத்திலிருந்து உடம்பு சுடுது."

உடனே ஆத்தூர் போங்கள், நோயின் பெயரைச் சொல்லுங்கள், நான் நேராக அங்கே வந்துவிடுகிறேன் என்றேன்.

"போலாம். அதுக்கு முன்னாடி நீ வந்து பாத்துடு" என்றார்.

அவருக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆத்தூர் டாக்டர் அன்றே சொன்னார், மூன்றாம் நாள் பரிசோதனை முடிவும் அதையே சொன்னது. ஆனால் நாமக்கல்லிலிருந்து கெங்கவல்லி போகும்வரை எனக்கு அது தெரியாது.

மச்சான் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போனார். நான் பின்னால் போனேன். கதவைச் சாத்தவில்லை, வெளிச்சம் வேண்டும் என்றார். சட்டையைக் கழற்றினார். பனியனைக் கழற்றினார். ஐம்பத்தைந்து வயது மனிதர். நான் கண்டவரை ஒருவர் முன்னாலும் சட்டையில்லாமல் நின்றவர் இல்லை. வேட்டியை அவிழ்த்துக் கட்டிலில் போட்டுவிட்டு, கோவணத்தோடு கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"பாரு மாப்ள."

காதுக்குப் பின்னால் பார்த்தேன். பிடரி மயிரை விலக்கிப் பார்த்தேன். இரண்டு அக்குளிலும் டார்ச் அடித்தேன். மார்பு, தொப்புள், அரைஞாண் கயிற்றைத் தள்ளி அதன் அடியில் இடுப்பைச் சுற்றி. அங்கே வந்தபோது என் விரல் நின்றது. அவர் உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மேலே பார்க்காமல் தொடை, முழங்கால் மடிப்பு, கணுக்கால், விரல் இடுக்கு என்று இறங்கி வந்தேன். தரையில் உட்கார்ந்து அவர் உள்ளங்காலைத் தூக்கி என் மடியில் வைத்துப் பார்த்தேன்.

"எங்கயும் இல்லீங்க மச்சான்" என்றேன்.

அவர் கைகளை இறக்கவில்லை. அவர் வயிறு குலுங்குவது எனக்குக் கீழிருந்து தெரிந்தது.

"இன்னொரு தரம் பாரு."

நான் எழுந்து, மறுபடி காதுக்குப் பின்னாலிருந்து தொடங்கினேன்.